நடக்கிற தூரம்

கோவர் தெருவில் என் வீடு மஞ்சள்.
பெயிண்ட் டப்பாவில் 'கடுகு' என்று போட்டிருந்தது.
கடுகு எந்த ஊரில் மஞ்சள் என்று கேட்டான் பெர்க்மான்ஸ்.
அப்போதெல்லாம் அதற்குச் சிரிப்பேன்.

பிரிந்தபோது காரை அவன் எடுத்துக்கொண்டான்,
வீட்டை நான்.
ஊர் யாருக்கு என்று
வக்கீல் கேட்கவில்லை.

இரண்டு பேருமே போகவில்லை.
விக்டோரியா தெருவில் ஒரு மாடி பிடித்தான்.
என் வாசலிலிருந்து முன்னூற்றுப் பத்து எட்டு.
வேண்டுமென்று எண்ணவில்லை;
சென்ட் ஜான்ஸில், பனி உறைந்த நாளில்
எல்லோரும் எண்ணித்தான் கால் வைக்கிறோம்.

பழைய ஊர் ஒருமுறை எரிந்துபோனதாம்.
அவசரமாகத் திரும்பக் கட்டியவர்கள்
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
மூச்சுவிட இடம் வைக்கவில்லை.
எனக்கும் கஸ்ஸுக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்.
நாங்கள் கடைசியாகச் சண்டை போட்ட இரவு
மனிதர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.
மறுநாள் தெருவில் பார்த்து
'ராத்திரி காற்று கொஞ்சம் பலம்' என்றார்.
வானிலையைச் சொன்னார் என்றே
இன்றுவரை எடுத்துக்கொள்கிறேன்.

பிராம்டனிலிருந்து அக்கா சொன்னாள்:
இங்கே வந்துவிடு, எல்லாம் காரில்தான்,
யார் முகத்திலும் முழிக்க வேண்டாம்.
போனேன். இரண்டு வாரம்.
பால் வாங்க நெடுஞ்சாலை ஏறினோம்.
யார் முகத்திலும் முழிக்கவில்லைதான்.
திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே ஒரே ரொட்டிக்கடை, ஒரே மருந்துக்கடை.
எழுதாத ஒப்பந்தம் ஒன்று
தானாகவே அமலுக்கு வந்தது.
எட்டு மணிக்கு முன் ரொட்டிக்கடை அவனுக்கு,
பிறகு எனக்கு.
துறைமுகத்திலிருந்து மேலே வர
சாலையின் சாய்வு எனக்கு,
படிக்கட்டு அவனுக்கு.
அவன் முட்டிக்குப் படி ஆகாது.
தெரியும்.
தெரிந்துதான் விட்டுக்கொடுக்கவில்லை.

ரொட்டிக்கடை மேவிஸுக்கு
நான் 'மை லவ்'.
தபால்காரரும் 'மை லவ்',
கடன் பாக்கி வைத்தவரும்,
வழி கேட்க வந்த அந்நியனும்.
முதல் வருடம் கூசியது.
பதினோரு வருடக் குடித்தனத்தில் எனக்கு வாய்த்தது
'இங்க பாரு' என்பது மட்டும்.

ஜூன் மாதத்து மூடுபனி
துறைமுகத்தின் வாய் வழியாக நுழைந்து
தெருவை வீடு வீடாக அழித்துக்கொண்டே ஏறும்.
பச்சை போகும், சிவப்பு போகும்,
என் கடுகும் போகும்.
அப்படி ஓர் இரவு
படிக்கட்டின் உச்சியில் நின்று
குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து காலடி.
எட்டுப் படி, ஒரு நிறுத்தம்.
இரும்புக் கம்பியில் சாவிக்கொத்து உரசும் ஓசை.
மறுபடி எட்டு.
நிறுத்தம் இம்முறை நீண்டது.
நான் குடையை மறந்துவிட்டேன்.

கைக்கெட்டும் தூரத்தில்
ஓர் உருவம் என்னைக் கடந்தது.
'குட் நைட், மை லவ்' என்றது,
தூத்துக்குடி 'ட்'டோடு.
இந்த ஊர் வழக்கப்படி,
பனியில் நின்ற யாரோ ஒருத்திக்கு.

பதிலுக்கு எதையோ முனகினேன்.
தமிழாக இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.
இருமல்கூட வந்தது, அடக்கினேன்,
என் இருமல் அவனுக்குத் தெரியும்.

தூக்கம் பிடிக்கவில்லை.
கோபமா என்று தேடிப் பார்த்தேன்,
கோபமும் இருந்தது.
சுவருக்கு அப்பால் கஸ்ஸின் ரேடியோ
கப்பல்களுக்குக் காற்றின் திசை சொல்லிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் வேலைக்கு முன்
துறைமுகம்வரை ஒரு நடை இறங்கினேன்.
திரும்புகையில் சாய்வை விட்டுப்
படிக்கட்டில் ஏறினேன்.
நெஞ்சு அடைத்துக்கொண்டது.
இத்தனை உயரமா?
பாதியில் நின்று கம்பியைப் பிடித்தேன்,
ஈரமாக, சில்லென்று இருந்தது.
கீழே சாலையில் பனிக்குள் யாரோ
நிற்காமல் நடந்துகொண்டிருந்தார்கள்.
யாராகவும் இருக்கலாம்.

'மூச்சு வாங்குதே, மை லவ், படி வழியாவா வந்தே?'
மேவிஸ் ரொட்டியைத் தாளில் சுற்றினாள்.
'ஆமா, ஒரு மாறுதலுக்கு.'

அவள் தலைக்கு மேல் கடிகாரத்தில்
மணி ஏழு ஐம்பதுதான் ஆகியிருந்தது.