எழுநூறு கிராம்

டார்கான். காலை ஆறு மணி.
தராசின் சிவப்பு எண்கள்
ஐம்பத்து மூன்று புள்ளி ஏழில் நின்றுவிட்டன.
அவள் மல்லுக்கட்டும் பிரிவு
ஐம்பத்து மூன்றோடு முடிகிறது.

கொழுப்பில்லை, சதையுமில்லை.
ஒரே ராத்திரியில் எது வளரும்?

ரயிலில் எதிர்ப் படுக்கைக்காரி
பிளாஸ்க்கைத் திறந்தாள்:
உப்புப் போட்ட பால் தேநீர்.
மறுக்க முடியுமா? மூன்று கிண்ணம்.
கூடவே உலர்ந்த ஆட்டிறைச்சி.
உப்பைத் தின்றவள்
விடியும்வரை தண்ணீர் குடித்தாள்.

காலுறையைக் கழற்றுகிறாள் செந்த்மா.
கணுக்காலைச் சுற்றி
வளையமாய் ஒரு பள்ளம்.
அதற்கு மேலும் கீழும் புடைத்திருக்கிறது
அந்த உபசாரம்.

இரண்டு நாளில் தானே வடிந்துவிடும்,
சிறுநீராய், சத்தமில்லாமல்.
எடை பார்ப்பது எட்டு மணிக்கு.

கம்பளிச் சட்டை இரண்டு மாட்டி
ஓடக் கிளம்புகிறாள்.
மண்டப வாசலில்
அதே பெண், அதே பிளாஸ்க்,
கையசைக்கிறாள்.