ஆட்காட்டி

மோந்தெவிதேயோ துறைமுகத்துக்குப் பின்தெருவில்
தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறை.
எனக்கு அது மூன்றாவது வாரம்.
காலையில் ஒரு வணக்கம்,
மாலையில் ஒரு வருகிறேன்,
நடுவே எட்டு மணி நேரம்
பித்தளைப் பற்சக்கரங்கள் மட்டும் பேசிக்கொள்ளும்.

எதிர் மேசை அதேமாருடையது.
இடது அக்குளில் இடுக்கிய வெந்நீர்க் குடுவை,
கையில் மாத்தே கிண்ணம்.
இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடமாடுகிறார்கள்.
குடுவையில் ஒட்டியிருந்த படம்தான்
என்னைப் பிடித்து நிறுத்தியது.
மெல்லிய கொண்டை, செங்கண்,
பறக்கத் தயாராய் ஒரு கால்.
தேரோ.
ஆட்காட்டிகளில் ஒரு சாதி.
ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை
இந்த ஆளையும் காட்டிக்கொடுத்துவிட்டது
என்று நினைத்தேன்.

பேருந்தில் ஒத்திகை பார்த்தேன்.
'நீங்களும் பறவை பார்ப்பீர்களா?'
போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது.
'படம் அழகு.'
ஆமாம் என்பார், கதை முடிந்தது.
'ரோச்சா காயலுக்குப் போயிருக்கிறீர்களா?'
இது இருக்கட்டும்.

புதன்கிழமை பத்து மணிக்கு
முதல்முறையாகக் கிண்ணம் என் பக்கம் நீண்டது.
கேட்டுவிட்டேன்.
குடுவையை அவர்
யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்தார்.
'ஞாயிற்றுச் சந்தையில் பழசு வாங்கினது, சுல்மா.
படமும் அதோடு வந்தது.
கிழிக்கவில்லை, அடியில் ஒரு நெளிசல் இருக்கிறது.'

ஓ, என்றேன்.
பதற்றத்தில் கிண்ணத்தைக் கொடுத்து
நன்றி, என்றும் சொல்லித் தொலைத்தேன்.
மாத்தே வட்டத்தில் நன்றி என்றால்
எனக்குப் போதும் என்று பொருள்.
நடை பழகும் முன்பே தெரிந்த விதி,
நாக்கு மறந்துவிட்டது.
அன்று முழுக்கக் கிண்ணம்
என்னைத் தாண்டித் தாண்டிப் போயிற்று,
நீபியாவுக்கு, லாரி ஓட்டுநருக்கு,
ரசீது கேட்டு வந்த யாரோ ஒருவருக்கு.

வியாழன்.
அரையங்குல மீட்டருக்குக் கண்ணாடி பொருத்தியபடி
தலை நிமிராமல் கேட்டார்:
'அந்தச் சனியன் கத்துவது ஓரிடம்,
முட்டை வேறிடமாமே, மெய்யா?'

மெய்தான், என்றேன். வெறுந்தரையில் கூடு.
நம்மைத் திசைதிருப்பத்தான்
தள்ளிப் போய்க் கத்தும்.

திருப்புளியைக் கீழே வைத்தார்.
'வீட்டுக்குப் பின்னால் பந்துத் திடல்.
ஆகஸ்டு பிறந்தால் துணி காயப்போட முடியாது,
தலைக்கே பாய்கிறது.
போன வருடம் சேமியா வடிக்கும் சல்லடையைக்
கவிழ்த்துக்கொண்டு போய்த்தான்
கால்சட்டைகளை மீட்டு வந்தேன்.'

மூலையில் நீபியாவுக்குப் புரையேறியது.

எத்தனை முட்டை?
'யார் கண்டது? ஐந்து வருடமாக
கத்துகிற பக்கமே தேடிக்கொண்டிருந்தேன்.'
நானும்தான் என்று வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.

இறக்கை மூட்டில் முள் உண்டு, தெரியுமா?
தெரியும், என்று முடியை ஒதுக்கிக்
காது மடலைக் காட்டினார்,
வெள்ளையாய், அரிசி நீளத்தில் ஒரு தழும்பு.
பதினாறு வருடம்
தொலைநோக்கிக்குள் நான் துரத்திய முள்.

தொட்டுப் பார்க்கவா என்று கேட்கும் அளவுக்கு
நாங்கள் இன்னும் பழகவில்லை.

வெந்நீர் ஊற்றி நீட்டினார்.
நுரை விளிம்பு வரை வந்து நின்றது.
கசப்பு, அடிவரை கசப்பு.
உறிஞ்சி முடித்துக்
கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நன்றி சொல்லவில்லை.