கட்டைவிரல்

விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கிற அறுபத்தோரு நாளும்
முதுநகர் ஐஸ் கம்பெனி வாசலில்
எங்களுக்கு ஒரே வேலைதான்:
செத்தவனையும் இருப்பவளையும்
ஒரே ரிங்குக்குள் இறக்கிவிட்டு
யார் விழுவார் என்று பார்ப்பது.

"இருசப்பன்தான்" என்பார் ஜெய்லானி.
"பகலெல்லாம் உப்பு மூட்டை இறக்கிய தோளு
சாயங்காலம் பத்து ரவுண்டு நிக்கும்.
கிளவுசுக்குள்ளே குதிரைமயிர்.
மூணாவது ரவுண்டுல வேர்வை குடிச்சுக் கல்லாயிடும்.
இப்போ என்ன,
தலகாணி கட்டிக்கிட்டு ஒன்பது நிமிஷம்!"

ராஜவேணி டீச்சர் கழுத்து விசிலைக் கழற்றுவதேயில்லை.
"உங்க இருசப்பன் யாரை அடிச்சாரு?
நெல்லிக்குப்பம் ஆலை வாட்ச்மேனை.
என் ஹெப்சிபா ரோத்தக் வரைக்கும் போய் நின்னவ.
ஐம்பது கிலோ.
அதுல பயம் ஒரு கிராம் கிடையாது."

கிலோ என்றதும் பேச்சு தராசுக்குத் தாவும்.
இருசப்பனை நிறுத்தது மீன் ஏலத் தராசு.
அதை நம்பி வாங்கியவன்
இந்தத் துறைமுகத்தில் உண்டா?

மூன்றாவது பெயரை நான் எடுப்பதில்லை.
யாராவது எடுத்துவிடுவார்கள்.

போன வாரம் ஒரு யோசனை:
இருசப்பனிடமும் கலிவரதனிடமும்
அடி வாங்கிய ஒரே ஆள் தெய்வசிகாமணி.
காலத்துக்குக் காலம் பாலம் அவன் தாடைதான்.
ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டோம்.
"மொத அடிக்கு எனக்குப் பத்தொம்பது வயசு.
ரெண்டாவதுக்கு முப்பத்தொண்ணு,
ரெண்டு பொண்ணு, வட்டிக்கடன்.
எது கனம்னு எதை வெச்சுச் சொல்ல?
ஆள் ஏறியாச்சு, நகருங்க."

இன்றைக்கு ஜெய்லானி
வலைக்கடைக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறார்.
நைலான் பாக்கிகளுக்கு நடுவே
கலிவரதன்: சண்டை முப்பத்தொன்று. தோல்வி ஒன்று.
"அந்த ஒண்ணு மட்டும் இல்லேன்னா
நானே ஒத்துக்குவேன் சார்.
தொண்ணூத்தேழு, மஞ்சக்குப்பம் மைதானம்,
ஏழுக்கு எட்டு."

நான் டீயை ஊதுகிறேன்.
ஆறித்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து வாடகைக்கு வந்த மிஷின் அது.
ரிங்கைச் சுற்றி ஐந்து நாற்காலி,
ஆளுக்கு இரண்டு பொத்தான், சிவப்பு, நீலம்.
மூன்று பேர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான்
குத்து குத்தாகும்.
இல்லாவிட்டால் வெறும் காற்று.
நான்காவது நாற்காலி என்னுடையது.

கடைசி ரவுண்டு, கடைசி மூச்சு.
கலிவரதன் பின்வாங்குவதுபோல் சாய்ந்தான்.
எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாத இடது கை
போய்ச் சேர்ந்த சத்தம்
ஈரத்துணியைக் கல்லில்
ஒரே ஒருமுறை அறைந்ததுபோல்.
இரண்டு பேர் அழுத்திவிட்டார்கள்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவர்கட் இல்லை, கொசு இல்லை,
காசு வாங்கவில்லை.
அழகாக இருந்தது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
விரல் இறங்கியபோது
மணி அடித்து ஓய்ந்திருந்தது.

நோட்டில் அந்தக் குத்து இல்லை.
மிஷினிலும் இல்லை.
கலிவரதன் பிறகு ரிங் ஏறவேயில்லை.
சிப்காட்டில் நைட் ஷிப்டு என்று கேள்வி.
பஸ்ஸில் ஒருமுறை
எனக்கு எழுந்து இடம் கொடுத்தான்.

"சார், நீங்க ஜட்ஜா இருந்தவரு.
ஒரே பேர், சொல்லிடுங்க."

"இருசப்பன்" என்கிறேன்.

ஜெய்லானி தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்.
டீச்சர் ஆட்சேபித்து விசிலடிக்க
ஐஸ் கம்பெனி நாய் எழுந்து உட்காருகிறது.
பெஞ்சுக்கடியில் என் வலது கட்டைவிரல்
பலகையில் ஒரு ஆணித்தலையைத் தேடி
அழுத்துகிறது.
அவன் நின்றது
நீல மூலை.