வெள்ளைத் தடி

எட்டு வருடம் முழங்காலில் நின்று
மண்ணைச் சுரண்டியவள் நான்.
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
பார்க்காத பக்கம் சிவப்புத் தடி,
பார்த்து முடித்த பக்கம் வெள்ளைத் தடி.
கம்பனி போனபின்
மாங்குளத்தில், ஏ-ஒன்பது வீதியோரம்,
குணபாலசிங்கத்தாரின் விடுதியில்
புல்லுக்குத் தண்ணி விடுகிற வேலை.

அது வன்னிப் புல் இல்லை.
லொறியில், பாய் சுருட்டின மாதிரி
சுருட்டிக்கொண்டு வந்து விரித்த புல்.
கலியாணப் படம் எடுக்க வருகிறவர்கள்
செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நிற்பார்கள்.
இடையில் அறுகு தலைகாட்டும்,
கோரை முளைக்கும்,
நெருஞ்சி மஞ்சளாய்ச் சிரிக்கும்.
ரொறன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பில்
ஐயா விரலால் காட்டுவார்:
"அந்தா, அதில. அதுக்கு மருந்தடி தங்கச்சி."

மருந்து.
சோடாப் போத்தலில் வந்தது.
பேரும் இல்லை, படமும் இல்லை.
கடைக்காரர் பெரிய கானிலிருந்து
புனல் வைத்து ஊற்றித் தந்தார்.
மிதிவெடிக்குக்கூட
மண்டையோடு போட்ட பலகை நட்டோம்.

பிஸ்கற் யாருடைய நாயும் இல்லை.
பத்து மணித் தேத்தண்ணிக்கு வரும்,
பேர் அப்படி வந்தது.
வெயில் ஏற, ஈரப் புல்லில் வயிற்றைப் பரத்தி
பின்கால் இரண்டையும் தவளைபோல நீட்டிப் படுக்கும்.
எழும்பி, ஒவ்வொரு பாதமாய்
விரலிடுக்கு விடாமல் நக்கும்.
வயிறு சரியில்லாத நாளில்
அறுகு தேடிக் கடிக்கும்,
தின்று, சத்தியெடுத்து, சுகமாகிவிடும்.

அன்றைக்கும் அதற்கு வயிறு சரியில்லை.
நான் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
வாய்க்குத் துணி, கைக்கு உறை, காலுக்குச் சப்பாத்து,
எனக்கு எல்லாம் இருந்தது.
அது போய்
நான் குறிபார்த்து அடித்த அறுகையே
நுனி நுனியாய்த் தின்றது.

பின்னேரம் நுரை.
இரவு, பின்கால்கள்
தன்னுடையவை இல்லை என்பதுபோல்
திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அல்போன்சின் ஓட்டோவில் கிளிநொச்சி.
மடியில் சாக்கு, சாக்கில் பிஸ்கற்.
மிருக வைத்தியர் நிறைமதி முதல் கேட்டது:
"என்ன மருந்து?"
நான் சோடாப் போத்தலை நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"பேர் தெரிஞ்சா வழி தெரியும்."
சேலைன் ஏற்றினார். பாதங்களைச் சவர்க்காரம் போட்டு
இரண்டு தரம் கழுவச் சொன்னார்.
காயுமட்டும் விடாதே, காய்ந்தபிறகும் உடனே விடாதே,
நக்குகிற பிராணிக்குக் கால்தான் வாய் என்றார்.
கை துடைத்தபடி:
"உங்கட ஐயா இருக்கிற ஊரில
அழகுப் புல்லுக்கு இதுகள் அடிக்க ஏலாது, தடை.
தெரியுமோ அவருக்கு?"

தெரியும் போல.
கேட்டபோது படம் உறைந்துவிட்டது,
குரல் மட்டும் வந்தது: "சிக்னல் இல்லை, தங்கச்சி."

நாலாம் நாள் எழும்பி நின்றது.
இடது பின்கால் இன்னும் சொல்வழி கேட்காது.
உள்ளே என்ன தங்கியிருக்கிறதென்று பார்க்க
என்னிடம் கருவி இல்லை.
மண்ணில் இரும்பிருந்தால் கருவி கத்தும்.
இது கத்தாது.

கிணற்றடிக்குப் பின்னால், கிடுகு மறைப்போரம்,
ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர்
அறுகு பதித்திருக்கிறேன்.
நாலு மூலைக்கும் தடி வெட்டி,
மிச்சச் சுண்ணாம்பு பூசி நட்டேன்.
புற்றரையைச் சுற்றிச் சிவப்பு நாடா.
படம் எடுக்க வந்த மாப்பிள்ளை
"மிதிவெடியோ அக்கா?" என்று பகிடி விட்டான்.
ஓம் என்றேன்.

பிஸ்கற் நொண்டிக்கொண்டு வந்தது.
நாடாவின் கீழால் ஒருதரம் மூக்கை விட்டது.
கூப்பிட்டேன்.
வெள்ளைத் தடிகளை ஒவ்வொன்றாய் மணந்து
நாலாவதில் காலைத் தூக்கியது,
இடது காலை,
அரைவாசி.