தீர்மான நோட்டு, பக்கம் நாற்பத்தொன்று

கூட்டம் ஏழு மணிக்கு என்று எழுதியிருந்தேன்.
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்ததால்
ஏழே முக்காலுக்குத்தான் தேசிங்கு வந்தார்.
கேரம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு
அதன் விளக்குக்குக் கீழே உட்கார்ந்தோம்.
வருகை முப்பத்தொரு பேர்,
வாசலில் நின்றவர்கள் கணக்கில் இல்லை.

பொருள் ஒன்று:
சங்கத்தின் கையிருப்பு
எழுபத்திரண்டாயிரத்து நானூறு.
கிரேஸ்மேரி மகள் எப்சிபா
இரண்டாம் முறை நீட் எழுத
அண்ணா நகர் கோச்சிங்கில் கேட்பது
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
பொருள் இரண்டு: கழிவுநீர் மோட்டார்.

"கோச்சிங் போகாமயே முந்நூத்திப் பதினெட்டு,
இன்னும் ஒரு நூறு வந்தா
கவர்மென்ட் ஸ்கூல் கோட்டாவுல சீட்டு"
என்றார் யூசுப்.
நூறு என்பதை
நூறு ரூபாய் போலச் சொன்னார்.

கஜலட்சுமி எழுந்தார்.
"ஒரு புள்ளைக்கே எல்லாத்தையும் கொட்டிட்டா
என் ரெண்டு பசங்க பாலிடெக்னிக் ஃபீஸுக்கு
நான் யாரு கதவைத் தட்டறது?
டாக்டருக்குப் படிச்சாத்தான் படிப்பா?"

அப்போது சரக்கு ரயில்.
டேங்கர் வண்டி, நீளமானது.
விளக்கு ஆடியது.
வாய்கள் மட்டும் அசைந்தன.
நோட்டில் ஐந்து வரி காலி விட்டேன்.
ரயில் போன பிறகு பார்த்தால்
கஜலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார்,
யூசுப் சட்டைப் பையின் பொத்தானைப் போடுகிறார்.
சொன்னதை யாரும் திரும்பச் சொல்லவில்லை.

"பரீட்சையே வேணாங்கறேன்" என்றார் பரிபூரணம்.
"தோட்டைக் கழட்டு, துப்பட்டாவை எடு,
பன்னெண்டு வருசம் படிச்ச மார்க்குக்கு
இன்னா மரியாத அங்க?"
கை தட்டினார்கள். நானும்.
"அது டெல்லிக்கு எழுத வேண்டிய தீர்மானம்,
எழுதலாம், தபால் செலவு அஞ்சு ரூபா.
மீதி எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு
வழி சொல்லுங்க" என்றார் தேசிங்கு.

பின்வரிசையில் ஒரு குரல்:
"இஞ்சினியரிங் படிச்சவன் இன்னா கிழிச்சான்?
இங்கியே ஒருத்தன் நோட்டு எழுதிக்கினு கீறான்."
சிரித்தார்கள். அதையும் எழுதினேன், பெயர் போடாமல்.

மூன்றாம் வருடத்துக் கட்டணம் பாக்கி.
என் பிளஸ் டூ சான்றிதழ்
திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின்
இரும்பு பீரோவில் இருக்கிறது.
வெள்ளம் வந்த வருடம்
வீட்டில் இருந்த காகிதமெல்லாம் கூழானது.
அது ஒன்றுதான் நனையாமல் பத்திரமாக.

எப்சிபா வாசலில் நின்றிருந்தாள்,
கணக்கில் இல்லாதவர்களோடு.
"ஒண்ணு கேக்கலாமா" என்றாள்.
"கடனா குடுக்கறீங்களா, சும்மாவா?
கடன்னா வட்டி எவ்ளோன்னு இப்பவே சொல்லுங்க.
சும்மான்னா
எத்தினி வருசத்துக்கு
எல்லார் வூட்டு ஜுரத்துக்கும் நான் ஓடி வரணும்?"

இப்போது ரயில் வரவில்லை.

தீர்மானம்: மோட்டாருக்கு ஒன்பதாயிரம், ஏகமனதாக.
பொருள் ஒன்று அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைப்பு.
கோச்சிங்கில் பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளி.
இதை யார் கவனித்தார்கள் என்று தெரியவில்லை,
நான் கவனித்தேன், சொல்லவில்லை.

மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில்
கஜலட்சுமி குடத்தை வைத்துவிட்டு வந்தார்.
"ரயில் போச்சே, அப்ப நான் பேசினது
நோட்டுல இருக்கா?"
இல்லை என்றேன்.
"இன்னா சொன்னேன்னு எனக்கே நெனப்பில்ல.
ஆனா அவளுக்குக் குடுக்காதன்னு சொல்லல.
அத்த மட்டும் எழுதிக்கோ."

எழுதினேன். ஒன்றரை வரி ஆனது.
மீதிக்குக் குறுக்கே கோடு போட வேண்டும்,
காலி விட்டால் பின்னால் எவனாவது
எதையாவது நுழைத்துவிடுவான் என்பார் தேசிங்கு.
இன்று புதன்.
கோடு போடவில்லை.
யூசுப் வீட்டுப் பக்கம் நடக்கிறேன்,
கேட் திறந்திருக்கிறது.