வற்றத்தில் நடந்தது

காலையில் நடந்து போன கடலின் மேல்
மாலையில் கப்பலேறித் திரும்பினோம்.
எங்கள் தடம் அடியில் எங்கோ.
அதற்குள் அது தடமே இல்லை.

அடுப்படி மேசையில்
பட்டாணி சூப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு
ஃப்ரௌக்யா வரைய உட்கார்ந்துவிட்டாள்.
இன்னும் கால் கழுவவில்லை.
நகக்கண்ணில் வாடன் கடலின் கறுப்பு.

என் கைப்பேசியில் அறுபத்திரண்டு படங்கள்.
அறுபத்திரண்டிலும்
கீழே சாம்பல், மேலே சாம்பல்,
நடுவில் யாரோ ஒருவரின் மஞ்சள் கோட்டு.

அவள் அடிவானத்தைப் போடவே இல்லை.
கால் எவ்வளவு புதைந்ததோ
அவ்வளவு அழுத்தம், அதுதான் கணக்கு.
இறுகிய மணலில் பென்சில்
தாளைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது.
சிப்பிப் படுகை வந்ததும் நறநறவெனப் புள்ளிகள்.
கணுக்கால் சேறு கொஞ்சம் கறுப்பு.
முழங்கால் சேற்றில்
தாள் கிழிந்தே போயிற்று.
ஒட்டவா என்றேன்.
"அங்கே அப்படித்தானே இருந்தது."

கடல்நாயை வலப்பக்கம் போடுகிறாள்.
இடப்பக்கம், என்கிறேன்.
"என் வலக்காதில்தான் தும்மியது."
காதை வைத்து இடம் சொல்கிறவளோடு
என்னத்தை வாதாடுவது.

பாதி வழியில் ஓர் ஓடை.
வழிகாட்டி ரின்ஸ் கம்பை ஊன்றிப் பார்த்து
இடுப்பளவு என்றார்.
நெஞ்சளவு இருந்தது.
நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.
கப்பலில் இரண்டு பேரிடம் அப்படித்தான் சொன்னேன்,
மூன்றாம் ஆளிடம்
கொஞ்சம் பாட்டும் பாடியதாக.

தாளில் அவள் கோடு
ஓடைக்குள் நேராக இறங்குகிறது.
பக்கத்தில் இன்னொரு கோடு, மெலிசு,
கரைவரை வந்து நிற்கிறது.
பின்வாங்குகிறது.
கோழி கிளறினாற்போல்
அங்கேயே சுற்றிச் சுற்றி ஒரு கிறுக்கல்.

யார் இது?
"நீதான்."
எத்தனை தடவை சுற்றினேன்?
"எண்ணவில்லை. பென்சில் நின்றபோது நிறுத்தினேன்."

அப்புறம்தான் வந்தது:
பையின் வாரைப் பல்லால் கடித்திருந்தது,
வாரில் இருந்த உப்பு,
எதிர்க்கரையிலிருந்து எல்லோரும்
வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தது,
அவள் மட்டும் திரும்பி இறங்கி வந்தது.

தீவு எங்கே என்று பேச்சை மாற்றினேன்.
தாள் முடிந்துவிட்டதாம்.
முதுகுப் பக்கம் இருக்கிறதே?
பதில் சொல்லாமல்
கடித்த தடம் பதிந்த பென்சிலை
என் பக்கம் உருட்டிவிட்டாள்.
"அந்தக் கரையில் நின்றதை நீ போடு."

சூப்பில் ஆடை கட்டியிருந்தது.
பென்சிலை எடுத்தேன்.
மேசைக்கடியில், காய்ந்த காலுறைக்குள்,
என் விரல்கள் பத்தும்
சேற்றைப் பற்றுவதுபோல்
மடங்கிக்கொண்டன.