பதினேழாவது நிமிடம்

புளியந்தோப்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது
ஆட்டு ஈரல், இருபது கிராம்.
மஸ்தான் எழுதியனுப்பிய சீட்டு: கிடா. காலை நாலரை.

வேப்பேரியில் எங்கள் அறைக்கு
மஞ்சள் விளக்கு மட்டும்தான்.
ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள்.
உள்ளங்கை அளவு வெயில் விழுந்தாலும்
வைட்டமின் ஏ குலைந்துவிடும்.
வெளியே மே மாதம்.

மொத்தக் கணக்கு போதுமென்றால்
காரம் ஊற்றிக் காய்ச்சலாம்,
எல்லாம் ஒரே உருவாகிவிடும்.
எனக்கு வேண்டியது தனித்தனி முகங்கள்.
ஆகவே
சோடியம் சல்பேட்டோடு கல்வத்தில் அரைத்து,
ஹெக்சேனில் குலுக்கி,
மேலே தெளிந்ததை உறிஞ்சி,
நைட்ரஜன் ஊதி உலர்த்திக் கரைத்துச் செலுத்தினேன்.

நாலாவது நிமிடம் ரெட்டினால்:
வேகத்தடை போல ஒரு மேடு.
அப்புறம் வெறும் கோடு.
கோடு.
ரோஸ்லின் சாப்பிடப் போகலாமா என்றாள்.

பதினேழில் எழுந்தது பால்மிடேட்.
எழுந்து, எழுந்து,
தாளின் விளிம்பில் தலை முட்டியது.

"அந்தப் பக்கத்து ஆடு
போஸ்டரைத்தானேடி தின்னும்?"

எந்த மதிலோரமோ
யாரோ கழித்துப்போட்ட முருங்கைக் கிளைகள்.
ஒரு நாள் அல்ல, பல நாள்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

நூறு மடங்கு நீர்த்தாக்கி
மறுபடி செலுத்தினேன்.
அப்போதும் நிமிர்ந்துதான் நின்றது.